மதுமதியின் இடது பக்கத் தையல்

புதிதாக வாங்கி வந்த நைட்டியை மதுமதி உடனே உடுத்திப் பார்ப்பதில்லை. உள்பக்கத்தை வெளியே திருப்பி மடியில் போட்டுக்கொள்கிறாள். இடது பக்கத் தையலில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, பிளேடு முனையால் இரண்டு விரல் அகலத்துக்குப் பிரிக்கிறாள். மிஷின் டிராயரில் கிடக்கும் வெள்ளை சாட்டின் ரோலிலிருந்து ஒரு லேபிளை வெட்டி, இரண்டாக மடித்து, பிரித்த இடத்தில் செருகி, மிஷினில் ஓட்டி மூடிவிடுகிறாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு லேபிளை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள். அது கையோடு வராது என்று தெரிந்த பிறகுதான் நைட்டியின் பூப்போட்ட பக்கத்தைத் திருப்பி, "கலரு நல்லா இருக்குதுங்களாக்கா?" என்று என்னைக் கேட்கிறாள்.

புதுத்துணிக்கு எல்லோரும் மஞ்சள் வைப்பார்கள். மதுமதி மஞ்சளும் வைப்பாள், லேபிளும் வைப்பாள். அந்த லேபிளில் மேலே ஆங்கிலத்திலும் கீழே தமிழிலும் ஒரே சங்கதிதான்: ஹெப்பரின் கூடாது. அதற்கடியில் அவள் கணவன் செந்தில்வேலின் செல் நம்பர். நடுவில் ஒரு சின்னப் படம். பனியன்களின் உள்ளே நீங்களும் பார்த்திருப்பீர்கள். இஸ்திரிப் பெட்டியைப் போட்டு அதன்மேல் குறுக்காக இரண்டு கோடு கிழித்திருந்தால் இஸ்திரி போடக்கூடாது. முக்கோணத்தின் மேல் கிழித்திருந்தால் பிளீச் கூடாது. மதுமதியின் லேபிளில் இருப்பது மருந்து ஏற்றுகிற ஊசி. அதன்மேல் குறுக்காக இரண்டு கோடு.

இதை அடித்துக் கொடுத்தவர் சகாயராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், திருப்பூர் நல்லூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி லேபிள் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறார். மதுமதி கையால் வரைந்து கொண்டுபோன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். "வாஷ்கேர்ல இப்பிடி ஒரு சிம்பல நான் கண்டதே இல்ல பாத்துக்கிடுங்க. இது எந்த வெளிநாட்டு பையருக்கு?" என்று கேட்டாராம்.

"எனக்குத்தானுங்க. ஒரு அம்பது போதுமுங்க."

"அம்பதுக்கெல்லாம் மிஷின ஓட்ட முடியாதுக்கா. ஆயிரத்துக்குக் கீழ ஒண்ணும் செய்ய முடியாதுல்லா."

ஆயிரம் லேபிள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒரு மனுஷி ஆயுசு முழுக்க உடுத்தினாலும் தீராத லேபிள். அதற்காகச் சும்மா விடுகிறவளா மதுமதி? துண்டு, தலையணை உறை, போர்வை, குடை என்று எதையும் பாக்கி வைக்கவில்லை. செந்தில்வேலின் சட்டைகளிலும் வைத்துத் தைத்துவிட்டாள். அவருக்கு எதற்கு என்று கேட்டேன். "அவரு சட்டையப் பாத்தா, பக்கத்துல எங்கியோ நானும் இருக்கறேன்னு தெரியுமல்லங்க" என்றாள். நாளைக்கு அவருக்கே ஒன்று என்றால், அவருக்கும் ஹெப்பரின் ஆகாது என்று நினைத்துக்கொள்வார்களே என்றேன். "அப்ப நான் வந்து சொல்லிப்போடறனுங்க" என்றாள். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

நானும் மதுமதியும் நல்லூரில் ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி வாங்கித் தரும் ஒரு பையிங் ஆபீஸில் நான் கணக்கு பார்க்கிறேன். அவள் பக்கத்துத் தெருவில் இருக்கும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். டீஷர்ட்டின் இரண்டு பக்கங்களையும் சேர்த்துத் தைப்பது அவள் வேலை. தைத்துக்கொண்டு வரும்போதே, துவைக்கும் முறை அச்சடித்த வாஷ்கேர் லேபிளை இடது பக்கத்தில் ஓரிடத்தில் செருகிவிட வேண்டும். மதுமதி அதைப் பார்த்துச் செய்வதில்லை. பக்கத்து மிஷின்காரியோடு சீரியல் கதை பேசிக்கொண்டிருப்பாள், கை தானாகப் போய் லேபிளை எடுத்து வைத்துவிட்டு வரும். கம்பெனி இரைச்சலில் பேசிப் பேசி வீட்டிலும் அவளுக்குச் சத்தமான குரல்தான். அவள் குழம்புக்கு உப்புப் போட்டாளா இல்லையா என்பது எங்கள் காம்பவுண்டுக்கே தெரியும்.

கரண்ட் போனால் மட்டும் கம்பெனியில் வேறு மாதிரி. அத்தனை மிஷினும் நின்று போன அந்த அமைதியில், அவள் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிசாக டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கடிகாரத்தைத் தேடுவார்கள். பழையவர்கள், "மது, மணி என்ன ஆச்சு?" என்று கிண்டல் செய்வார்கள். "உனக்கு நேரஞ் சரியில்லைன்னு சொல்லுது" என்பாள் மதுமதி.

அது உலோக வால்வு. சின்ன வயதில் மூட்டுக்கு மூட்டு வலியோடு ஒரு காய்ச்சல் வந்து போயிருக்கிறது. போகும்போது இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது யாருக்கும் தெரியவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியபோது சோம்பேறி என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆசுபத்திரியில் நெஞ்சைத் திறந்து, கெட்டதை எடுத்துவிட்டு உலோக வால்வை வைத்தார்கள். அதில் ரத்தம் உறைந்து ஒட்டாமல் பார்த்துக்கொள்ள, எல்லோருக்கும் போடுவதுபோல முதலில் ஹெப்பரின் போட்டார்கள். எல்லோருக்கும் காவலாக நிற்கிற மருந்தை மதுமதியின் உடம்பு எதிரியாக எடுத்துக்கொண்டது. அபூர்வமாகச் சிலருக்கு அப்படி ஆகுமாம். ரத்தத் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கின. உறையக்கூடாது என்று கொடுத்த மருந்தாலேயே ரத்தம் உறைந்தது. இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போய், கடைசியில் எடுத்துவிட்டார்கள்.

"ஊட்டுக்கு வந்ததும் காலுக்கு மருதாணி வெக்கோணும்னு படுத்துட்டே நெனச்சுட்டிருந்தனுங்க. வெக்கறதுக்கு வெரலக் காணோம்" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

அப்போது ஹெப்பரினை அடியோடு நிறுத்திவிட்டு ஆர்கட்ரோபான் என்று வேறொரு மருந்தை ஏற்றியிருக்கிறார்கள். அது கைவசம் இல்லாமல், பெங்களூரிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பினார்களாம். செந்தில்வேல் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடந்து, அந்தத் தெர்மாகோல் பெட்டியை வாங்கி, ஆட்டோவில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்து சேர்த்தான். "அந்த மருந்து பேரு எனக்கு வாயில நொழையாதுங்க. வேற மருந்துன்னுதான் சொல்லுவேன். பேரு தெரியாத சாமியக் கும்பிடறதில்லீங்களா?" என்பாள் மதுமதி.

இனி ஒருபோதும் ஹெப்பரின் ஏற்றக்கூடாது என்று ஆசுபத்திரியில் ஒரு அட்டை கொடுத்தார்கள். அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை நான் என் ஆபீஸில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். "அட்டைய எங்கியாச்சும் வெச்சுப்போட்டு மறந்துருவனுங்க. துணிய மறந்துட்டு யாராச்சும் வெளிய போவாங்களா?"

பிறந்த ஊர் மூலனூர். முருங்கைக் காட்டில் வளர்ந்தவள். இப்போது ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் சாப்பிடும் மாத்திரைக்குக் கீரை எதிரி. இஷ்டத்துக்குக் கீரை தின்றால் மாத்திரை வேலை செய்யாது. அண்ணன் வீட்டிலிருந்து யாராவது வந்தால் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் வந்துவிடும், பழைய ஞாபகத்தில். மதுமதி அதை ஆய்ந்து, பொரித்து எனக்குக் கொடுத்துவிட்டு நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உப்பு சரியா, தேங்காய் போதுமா என்று கேட்பாள். அப்படி ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தால் சோறு இறங்காது. ஆனாலும் இறக்கித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள்.

கீரை இல்லாமல் இருந்துவிடலாம். மதுமதியால் இல்லாமல் இருக்க முடியாதது ஒரு குழந்தை.

இதை அவள் ஒருநாளும் மூடி மறைத்ததில்லை. கோயிலுக்குப் போனால், "எனக்கொரு கொழந்த வேணும் முருகா" என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படிதான் கேட்பாள். சிக்கல் என்னவென்றால், அவள் சாப்பிடும் மாத்திரை முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளையைக் கெடுத்துவிடும். உலோக வால்வு வைத்த மற்ற பெண்களுக்கு அந்த மாதங்களில் மாத்திரையை நிறுத்திவிட்டு ஹெப்பரின் வகை ஊசிக்கு மாற்றிவிடுவார்கள். பிள்ளைக்கு அதனால் தொந்தரவில்லை. மதுமதிக்கு அந்த வழி இல்லை. மாத்திரையைச் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆபத்து, நிறுத்தினால் வால்வு அடைத்து அவளுக்கே ஆபத்து. நிறுத்திவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி அவளுக்கு விஷம்.

"மத்தவங்களுக்கெல்லாம் ஒரு சந்து இருக்குதுங்க. எனக்கு அதையும் சாத்திப்போட்டாங்க" என்று ஒருநாள் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல்முறை.

மாமியார் சுப்பாத்தாளைப் பற்றி இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். அந்த அம்மாள் அப்படி இல்லை. மருமகளின் கால் கறுத்ததைக் கூட இருந்து பார்த்தவர். "நீ நல்லா இருந்தாப் போதுங் கண்ணு. கொழந்த இல்லீன்னா என்ன, ஊரே நம்ம கொழந்ததான்" என்பார். செந்தில்வேல் அவ்வளவுகூடப் பேசமாட்டான். பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் அவன் கட்டிங் மாஸ்டர். துணியை வெட்டுவதற்கு முன் பலமுறை அளந்து பார்க்கிற தொழில், வாயைத் திறப்பதற்கு முன்னும் அப்படியே. ஒருமுறை மட்டும் என் காதுபடவே சொன்னான்: "எனக்கு நீ போதும் அம்மிணி."

"எனக்குப் போதலீங்களே" என்றாள் மதுமதி.

அவன் முகம் சுருங்கியது. அவனை நோகடிக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

வருஷத்துக்கொருமுறை வால்வைப் பார்க்கக் கோயம்புத்தூர் போவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே ரத்த நோய்களுக்கென்று ஒரு டாக்டரம்மா புதிதாக வந்திருந்தார். மதுமதி வழக்கம்போல அவரிடமும் கேட்டாள். வாசலில் செருப்பு வைக்கும் இடத்தைக் கேட்பவளைப் போலத்தான் கேட்டிருப்பாள்: "எனக்கு ஒரு கொழந்த வேணுமுங்க. ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?" மற்றவர்கள் எல்லாம் தலையைத்தான் ஆட்டியிருந்தார்கள். இந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாராம்.

ஹெப்பரின் ஆகாதவர்களுக்கு ஃபோண்டாபாரினக்ஸ் என்று ஓர் ஊசி உண்டு. ஹெப்பரினை ஏற்காத உடம்பும் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்ளும். தினம் வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் உலோக வால்வோடு கர்ப்பமாக இருந்து அந்த ஊசியை மட்டும் நம்பியிருந்தவர்கள் உலகத்திலேயே ரொம்பக் கொஞ்சம். சிலருக்கு நல்லபடியாக முடிந்திருக்கிறது. வால்வு அடைத்துக்கொண்டால் தாயின் உயிரே போகலாம். டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. "செய்யலாம்னு நான் சொல்லலைம்மா. செய்யவே கூடாதுன்னும் சொல்ல மாட்டேன். ஹார்ட் டாக்டரும் நானும் கலந்து பேசறோம். நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய் யோசிச்சு வாங்க. ரெண்டு பேரும்."

அந்த "ரெண்டு பேரும்" என்ற சொல்லில்தான் வண்டி நின்றுபோனது.

அன்று கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்த மதுமதி பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். ஊசி எங்கே கிடைக்கும், வெயிலில் கெட்டுவிடுமா, அதை அவளுக்குப் போட நான் கற்றுக்கொள்வேனா என்று என்னிடம் கேட்டாள். செந்தில்வேல் பின்னால் வந்தான். வீட்டுக்குள் போய் வேட்டியை மாற்றிக்கொண்டு வெளியே வந்து, "இது வேண்டாம்" என்றான். அவ்வளவுதான். காரணம் கேட்டதற்கு, "கறுத்த வெரல நீ மயக்கத்துல கெடந்து பாக்கல. நாம் பாத்தேன்" என்றான்.

அதன்பின் பல மாதங்கள் அந்த வீட்டில் சண்டை இல்லை, சமாதானமும் இல்லை. குழம்பு கொதித்தது, டிவி ஓடியது, மதுமதியின் குரல் மட்டும் தணிந்துவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. செந்தில்வேலிடம் பேசிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். என்ன பேசுவது? அவன் பயம் பொய்யில்லை. அவள் ஆசையும் பொய்யில்லை. நடுவில் போய் நின்று நியாயம் பேசுவதற்கு நான் யார்?

இதற்கு ஒரு முடிவு கட்டியது, பைக்கில் வந்த பெயர் தெரியாத ஒருவன்.

வேலை முடிந்து நல்லூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ரோட்டைக் கடந்தவளை அவன் இடித்துவிட்டுப் போய்விட்டான். விழுந்ததில் தலையில் அடி, நினைவில்லை. அங்கே நின்றவர்கள் பக்கத்தில் இருந்த ஒரு ஆசுபத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஹெப்பரின் கூடாது என்ற செய்தி அவள் உடம்பின் மேலேயே இருந்தது. ஆனால் எங்கே இருந்தது? சுடிதாரின் உள்ளே, இடது பக்கத் தையலில். திருப்பூரில் துணி விஷயமாக எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானாலும் யாரும் அங்கேதான் பார்ப்பார்கள். ஆசுபத்திரியில் நர்ஸுக்கு அங்கே என்ன வேலை? கத்தரியால் சுடிதாரை வெட்டி எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார்கள்.

கையில் ஊசிக்குழாய் ஏற்றியாகிவிட்டது. அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளாமலிருக்க அதில் கொஞ்சம் ஹெப்பரின் விட்டுக் கழுவுவது அங்கே வழக்கம். நர்ஸ் அதை ஊசியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்போது துணிகளைக் கவரில் போட வந்த ஆயா மருதாள், கிழிந்த சுடிதாரை மடிப்பதற்காக உதறியிருக்கிறாள். மருதாள் முன்னே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். கண்ணு மங்கியதும் ஆயா வேலைக்கு வந்தவள். செக்கிங்கில் இருந்தவர்கள் கையில் எந்தத் துணி கிடைத்தாலும் இடது பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார்கள். மங்கின கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. படம் தெரிந்தது.

"ஏனுங்க சிஸ்டர், இதுல ஊசிப் படம் போட்டு அடிச்சிருக்குதுங்க. என்னன்னு பாருங்க" என்றாளாம்.

நர்ஸ் வாங்கிப் பார்த்தாள். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, லேபிளில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள். பெருமாநல்லூரிலிருந்து செந்தில்வேல் எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது.

தலைக்குள் ரத்தம் கசியவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு அது பெரிய தப்பிப்பு. சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பார்க்கப் போன நான் ஆத்திரம் தாங்காமல் கேட்டேன், அதைக் கழுத்தில் வைத்துத் தைத்திருந்தால் எடுத்த எடுப்பில் கண்ணில் பட்டிருக்குமே என்று. தலையில் கட்டோடு படுத்திருந்தவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "கழுத்துல பிராண்டு லேபிளுங்க வரும். வாஷ்கேரு எடது பக்கந்தானுங்களே" என்றாள். வீட்டுக்கு வந்ததும் கழுத்திலும் ஒன்று வைக்க ஆரம்பித்தாள். இடது பக்கத்தை விடவில்லை.

ஆனால் அந்த அடி வேறொருவனுக்கும் விழுந்திருந்தது. ஆசுபத்திரியிலிருந்து வந்த அன்று வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்த செந்தில்வேல், யாரும் கேட்காமலே பேசினான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஒன்னும் ஆவக்கூடாதுன்னுதான் நான் வேண்டாம்னேன். ஊட்டுக்குள்ளயே வெச்சுப் பாத்துக்கறதுன்னு நெனச்சேன். எவனோ வந்து இடிச்சுப்போட்டுப் போறான். எதுக்குன்னுதான் பயந்துட்டே இருக்கறது?" சேரை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். "ஒனக்கு வேணும்னா கோயமுத்தூரு போலாம் அம்மிணி."

மதுமதி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கால் விரல் போன கதைக்குச் சிரிக்கிறவள்.

டாக்டரம்மா சட்டதிட்டமெல்லாம் சொல்லி அனுப்பினார். கர்ப்பம் உறுதியாகும்வரை மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. நாள் தள்ளிப்போனால் தாமதிக்காமல் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடு வந்துவிட்டால் அன்று மாலையே மாத்திரையை நிறுத்திவிட்டு, மறுநாள் காலை துணிமணியோடு வந்து சேர வேண்டும். படுக்கையில் வைத்து ஊசியை ஆரம்பிப்பார்கள். "அதுல வேற யோசனையே கிடையாது" என்று செந்தில்வேலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

அந்த வீட்டில் மாத்திரை கொடுப்பது செந்தில்வேலின் பொறுப்பு. ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து அதை அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும், உள்ளங்கையில் மாத்திரையும் மறுகையில் தண்ணீர் டம்ளருமாக வந்து நிற்பான். அவள் விழுங்கும் வரை நகரமாட்டான். கல்யாணமான புதிதில் பூ வாங்கி வந்ததுண்டா என்று ஒருமுறை கேட்டேன். "இத வாங்கிட்டு வந்து நிக்கறாரு பாருங்க, இது போதாதுங்களா?" என்றாள்.

கோயம்புத்தூர் போய் வந்தபின் அந்த மாத்திரை நேரத்துக்கு வேறு ஒரு கனம் வந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் நாள் நெருங்கும்போது மதுமதி கணக்குப் போடுவாள். ஒருநாள் தள்ளினாலே முகத்தில் வெளிச்சம் ஏறிவிடும். நடையை மெதுவாக்கிக்கொள்வாள், தண்ணீர்க் குடத்தைத் தூக்க என்னைக் கூப்பிடுவாள். பிறகு ஒருநாள் குடத்தை அவளே தூக்கிக்கொண்டு போவாள். எனக்குப் புரிந்துவிடும். அன்று சாயங்காலம் செந்தில்வேல் நீட்டுகிற மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அன்றைக்கு அவள் குழம்பில் உப்பு இருக்கிறதா என்று காம்பவுண்டில் யாருக்கும் தெரியாது.

அவள் மாத்திரையை விழுங்கும்போது செந்தில்வேலின் முகத்தில் ஒரு நிம்மதி வந்துபோகும். அவனால் அதை மறைக்க முடிந்ததில்லை. அவள் அதைப் பார்ப்பாள். அவள் பார்த்துவிட்டாள் என்று அவனுக்கும் தெரியும். அதற்காக அவள் அவனைக் கோபித்ததுமில்லை. "பாவமுங்க. எனக்கு ஆச, அவருக்குப் பயம். ரெண்டும் ஒரே ஊட்டுல இருக்கோணுமல்லங்க" என்று என்னிடம் சொன்னாள்.

நானும் அவளோடு சேர்ந்து காத்திருக்கத் தொடங்கிவிட்டேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆபீஸில் கணக்குப் போடும்போதுகூட அவள் நாள் என்றைக்கு என்று மனசு ஓடும். ஒரு மாதம் நாள் தள்ளாமல் போனபோது, அவளைவிட எனக்கு ஏமாற்றம். அடுத்த மாதம் நாள் தள்ளிப்போய்விட்டால் அவள் உயிருக்கு என்ன ஆகுமோ என்று பயம். ஆசைப்படவும் பயமாக இருந்தது, ஆசைப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

போன வாரம், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், பால் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதுமதி கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்கக்கா, உக்காருங்க" என்றாள். குரல் சத்தமாகவும் இல்லை, தணிந்தும் இல்லை. செந்தில்வேல் அப்போதுதான் பெருமாநல்லூரிலிருந்து வந்திருந்தான். முகம் கழுவிய ஈரத்தோடு உள்ளே போய், வழக்கம்போல ஒரு கையில் டம்ளரும் மறுகையின் உள்ளங்கையில் மாத்திரையுமாக வந்து அவள் முன் நின்றான். கட்டிங் டேபிளில் என்ன தகராறு என்று எதையோ சொல்லிக்கொண்டே நீட்டினான்.

மதுமதி மடித்த துணியை ஓரமாக வைத்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டாள். மாத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவனுடைய சுண்டுவிரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாக மடக்கி, மாத்திரையை அவன் கைக்குள்ளேயே மூடிவிட்டு, தண்ணீரை மட்டும் குடித்தாள்.